உங்களுக்கு ஒரு நம்பர் உண்டு

பாலிகுர்ரன் தொடக்கப் பள்ளி வாசலில் பத்தொன்பது வருடங்களாக ஒரு குழந்தைகூட அடிபடவில்லை. அதுதான் பிரச்சினையாகிவிட்டது.

மாவட்டக் கவுன்சிலின் சாலைப் பிரிவு இயக்குநர் கார்மக் ஸ்ட்ரிட்ச் பிப்ரவரியில் ஓர் அறிக்கை தயாரித்தார். பள்ளி வாசலில் வண்டிகளை நிறுத்திக் குழந்தைகளைச் சாலை கடக்க வைக்கும் பணி ஒன்று இருக்கிறது. அது தேவை என்பதற்கு ஆதாரமாக அந்த இடத்தில் குறைந்தது ஒரு விபத்தாவது பதிவாகியிருக்க வேண்டும். பத்தொன்பது வருடப் பதிவேடுகளைப் புரட்டியதில் விபத்துகள்: பூஜ்யம். ஆகவே தேவை நிரூபிக்கப்படவில்லை. ஆகவே ஜூன் முப்பதோடு பணி நீக்கப்படும்.

அந்தப் பணியில் இருந்தவர் பிடெல்மா டூஹி. ஐம்பத்துநான்கு வயது. அவளிடம் இருந்த அதிகாரம் ஒரு மஞ்சள் கோட்டும், நுனியில் ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகை வைத்த ஒரு நீளக் கம்பும்தான். கம்பை நீட்டினால் பால் டாங்கர் நிற்கும். டிராக்டர் நிற்கும். ஒருமுறை அமைச்சரின் கார் நின்றது. அவள் ஸ்ட்ரிட்ச்சைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறிப் போனாள்.

“சார், நான் அங்க நிக்கறதாலதான் யாரும் அடிபடல.”

“அப்படின்னு நீங்க சொல்றீங்க. அதுக்குப் பதிவு இருக்கா?”

“அடிபடாததுக்கு எப்படி சார் பதிவு இருக்கும்?”

“அதைத்தான் நானும் அறிக்கையில எழுதியிருக்கேன்” என்றார் ஸ்ட்ரிட்ச். ஒருவர் தன்னோடு ஒத்துப்போவது அவருக்குப் பிடித்திருந்தது. தேநீர் கொடுத்து அனுப்பினார்.

அறிக்கையை எதிர்க்க ஒரு வழி இருந்தது. கவுன்சிலில் ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவர வேண்டும். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பாலிகுர்ரன் வட்டாரத்துக்கு ஆறு உறுப்பினர்கள். பிடெல்மா ஆறு பேர் வீட்டுக்கும் போனாள். ஆறு பேரும் அவள் பக்கம்தான் என்றார்கள். ஐந்து பேர் அத்தோடு கதவைச் சாத்தினார்கள். ஆறாவது ஆள் ஜார்லத் ப்ராடிகன் மட்டும் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

ஜார்லத்துக்கு இரண்டு தொழில். ஊரின் இறுதிச் சடங்குகளை நடத்துவது ஒன்று. முப்பத்தொரு வருடங்களாகக் கவுன்சில் உறுப்பினராக இருப்பது மற்றொன்று. முதல் தொழில் இரண்டாவதற்கு உதவியாக இருந்தது. யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் வந்து கை குலுக்குவது அவர்தான். அவருக்கு ஓட்டுப் போடாமல் விட்டால் நன்றிகெட்டத்தனமாகிவிடும் என்று ஊரில் பல பேர் நினைத்தார்கள்.

“நான் வழிமொழியறேம்மா. இப்பவே எழுதிக் குடுக்கட்டுமா?” என்றார்.

“முன்மொழியத்தான் ஆள் வேணும், ஜார்லத்.”

“அது முடியாது.”

“ஏங்க?”

“முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவைகூட முன்மொழிஞ்சதில்ல. முன்மொழிஞ்சா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும். வழிமொழிஞ்சா மரியாதைக்குப் பண்ணினதா எடுத்துப்பாங்க. வேற யாராவது ஆரம்பிக்கட்டும். கூடவே நான் எந்திரிச்சு நிப்பேன். சத்தியம்.”

அப்படித்தான் பிடெல்மா தேர்தலில் நிற்க முடிவு செய்தாள். முன்மொழிய ஓர் ஆள் போதும். அந்த ஆளாகத் தானே இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஓய்வுபெற்ற தபால்காரர் மலாக்கி ஹெஷன் அவளுக்கு உதவ வந்தார். எழுபத்தொரு வயது. ஊரில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு ஆள் எந்தக் கட்சி என்று அவருக்குத் தெரியும். வேட்புமனு ஒன்பது பக்கம் இருந்தது. பிடெல்மா இரண்டாவது பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

“எதுக்கும்மா படிச்சுக்கிட்டு இருக்கே? எல்லாரும் கையெழுத்துப் போடறதுதான்” என்றார் மலாக்கி. அவள் போட்டாள்.

வட்டாரத்தில் ஆறு இடங்களுக்குப் பதினைந்து பேர் போட்டியிட்டார்கள். ஓட்டுச் சீட்டில் பதினைந்து பெயர்களும் இருக்கும். ரொம்பப் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று போட்டுக்கொண்டே போகலாம். முதல் ஆளுக்குத் தேவைக்கு மேல் ஓட்டு இருந்தாலோ, அவர் கடைசியாக வந்து விலக்கப்பட்டாலோ, சீட்டு அடுத்த எண்காரரிடம் போகும். ஒரு சீட்டு இப்படி ஐந்தாறு பேரின் கைமாறலாம். இதனால் பாலிகுர்ரன்காரர்களுக்குப் பெரிய வசதி ஒன்று இருந்தது. வாசலுக்கு வரும் வேட்பாளர் எவரிடமும் அவர்கள் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

“கண்டிப்பா பிடெல்மா. உனக்கு ஒரு நம்பர் உண்டு.”

வீட்டுக்கு வீடு இதையே சொன்னார்கள். சிலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அவர்களில் இளையவர்கள் சிலரை அவளே ஆறு வயதில் கையைப் பிடித்துச் சாலை கடக்க வைத்திருந்தாள். மழையில் ஐந்து வாரம் நடந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது நம்பர்கள் சேர்த்தாள். ஜெயிக்க ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் போதும் என்று மலாக்கி சொல்லியிருந்தார்.

“அப்ப மிச்சத்த என்ன பண்றது?” என்று கேட்டாள்.

“எத்தனாவது நம்பர்னு யார்கிட்டயாச்சும் கேட்டியா?”

“அதெப்படிங்க கேக்கறது? வீட்டுக்குள்ள கூப்பிட்டு ஸ்கோன் ரொட்டி குடுக்கறாங்க.”

மலாக்கி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஓட்டுப் பதிவு நடந்தது. சனிக்கிழமை காலை சமூகக் கூடத்தில் எண்ணிக்கை தொடங்கியது. தலைமைத் தேர்தல் அதிகாரி கார்மக் ஸ்ட்ரிட்ச். கவுன்சிலில் யாருக்கு எந்த வேலை என்று தெரியாதபோது அதை ஸ்ட்ரிட்ச்சிடம் கொடுத்துவிடுவது வழக்கம்.

கூடத்தின் நடுவே மேசைகள். மேசைகளைச் சுற்றி இடுப்பு உயரத் தடுப்பு. தடுப்புக்கு உள்ளே வங்கிகளிலிருந்து வந்த எழுத்தர்கள் சீட்டுகளைப் பிரித்தார்கள். தடுப்புக்கு வெளியே மலாக்கியைப் போன்றவர்கள் ஆளுக்கொரு பென்சிலோடு தொங்கிக்கொண்டு, பிரிக்கும் ஒவ்வொரு சீட்டிலும் 1 யாருக்கு என்று எட்டிப் பார்த்துக் கோடு போட்டார்கள். அதிகாரிகள் அறிவிப்பதற்கு நாலு மணி நேரம் முன்பே இவர்களுக்கு முடிவு தெரிந்துவிடும். இருந்தாலும் அதிகாரிகளுக்காகக் காத்திருப்பார்கள்.

“இருநூத்திப் பதினஞ்சு” என்றார் மலாக்கி, ரொட்டிப் பையின் பின்பக்கத்தில் தான் போட்ட கோடுகளைப் பார்த்து.

“எந்தப் பெட்டியில?”

“எல்லாப் பெட்டியும் சேர்த்தும்மா.”

பிடெல்மா உட்கார்ந்தாள்.

மதியம் ஸ்ட்ரிட்ச் மேடையேறி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

“செல்லுபடியான ஓட்டுகள் எட்டாயிரத்து நானூற்று இருபத்திரண்டு. ஜெயிக்கத் தேவையான கோட்டா ஆயிரத்து இருநூற்று நான்கு. முதல் சுற்றில் யாரும் கோட்டாவை எட்டவில்லை என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன். சிலர் என்னிடம் யார் ஜெயித்தார்கள் என்று கேட்கிறார்கள். அது சிறுபிள்ளைத்தனமான கேள்வி. யார் ஜெயித்தார் என்பது எந்த ஊர்த் தேர்தலிலும் தெரிந்துவிடும். எத்தனாவது சுற்றில், எவருடைய எத்தனாவது விருப்பத்தால் என்பது நம் தேர்தலில்தான் தெரியும். அவசரப்படுகிறவர்களுக்கு ஜனநாயகம் ஏற்றதல்ல. எனக்கு அவசரமில்லை. எனக்கு மணிக்கணக்கில் படி தருகிறார்கள்.”

பிறகு பதினைந்து பேரின் ஓட்டுகளையும் வாசித்தார். ஜார்லத் ப்ராடிகன் அறுநூற்று ஐம்பத்தைந்து. பிடெல்மா டூஹி இருநூற்றுப் பதினான்கு. பதினைந்து பேரில் பதினோராவது இடம்.

“தப்பு. இருநூத்திப் பதினஞ்சு. ஜார்லத்துக்கு அறுநூத்தி அம்பத்திநாலுதான்” என்றார் மலாக்கி.

“ஒண்ணுதானே, விடுங்க.”

“ஒண்ணுன்னாலும் அவங்க தப்புதான்.”

ஆனால் அடுத்தடுத்த சுற்றுகளில் யாரும் எதிர்பாராதது நடந்தது. கடைசியில் வந்தவர்கள் ஒவ்வொருவராக விலக்கப்பட்டபோது, அவர்கள் சீட்டுகளில் அடுத்த எண் பிடெல்மாவுக்கு இருந்தது. அல்லது அதற்கடுத்தது. ஒன்றாக இருந்து பிரிந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். ஆனால் இருவர் சீட்டிலும் ஐந்தாவதாக பிடெல்மா இருந்தாள். ஏரியை மீட்கப் போராடியவர்கள் நாலாவதாகப் போட்டிருந்தார்கள். ஏரியில் தொழிற்சாலை கேட்டவர்களும் நாலாவதாகவே போட்டிருந்தார்கள். அப்பாவின் சாவுக்கு வந்தவருக்கு 1. மச்சானுக்கு 2. மச்சானின் எதிரிக்கு, மச்சானுக்குத் தெரியாமல், 3. அதன் பிறகு பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்கும்போது எல்லோருக்கும் மஞ்சள் கோட்டு ஞாபகம் வந்திருக்கிறது.

“யாருக்கும் நீ முதல் ஆள் இல்ல. ஆனா யாரும் உன்னை மறக்கல” என்றார் மலாக்கி.

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்று பிடெல்மா எடுத்துக்கொண்டாள்.

ஏழாவது சுற்றில் ஒருவர் கோட்டாவை ஐம்பத்தாறு ஓட்டு தாண்டி ஜெயித்தார். அந்த உபரி ஐம்பத்தாறு சீட்டுகள் எவை என்று தேர்ந்தெடுக்க இரண்டரை மணி நேரம் ஆனது. ஜெயித்தவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். ஹாம் சாண்ட்விச் தீர்ந்தது. காலையில் வந்ததுபோலவே மறுபடி ஜாம் தடவிய ஸ்கோன்கள் வந்தன. தடுப்புக்கு உள்ளே எதுவும் சாப்பிடக் கூடாது என்று விதி. ஆகவே எழுத்தர்கள் ஸ்கோனைத் தடுப்புக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் நீட்டிக் கடித்தார்கள். இதை ஸ்ட்ரிட்ச் பார்த்து விதி மீறப்படவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினார்.

ஞாயிறு மதியம் பன்னிரண்டாவது சுற்று முடிந்தது. ஐந்து இடங்கள் நிரம்பிவிட்டன. ஆறாவது இடத்துக்கு இருவர் மிஞ்சியிருந்தார்கள். ஜார்லத் ப்ராடிகன் ஆயிரத்து முப்பத்தேழு. பிடெல்மா டூஹி ஆயிரத்து முப்பத்தாறு.

முன்மொழிகிறவள், வழிமொழிகிறவர். இருவரும் உள்ளே போனால்தான் பள்ளி வாசல் பணி பிழைக்கும். இருந்ததோ ஓர் இடம்.

ஜார்லத் வந்து அவள் கையைக் குலுக்கினார். துக்க வீட்டில் குலுக்குவதுபோலவே இரண்டு கைகளாலும் குலுக்கினார்.

“மனசு கஷ்டமா இருக்கும்மா. நான் எப்பவும் உன் பக்கம்தான்.”

“நீங்க ஜெயிச்சா முன்மொழிவீங்களா?”

“அதை மட்டும் கேக்காத, தங்கம்” என்றார். அவசரமாகக் கிளம்பினார். ஐந்து மணிக்கு ஒரு சவப்பெட்டியைத் தேவாலயத்தில் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது.

மலாக்கி ரொட்டிப் பையோடு ஸ்ட்ரிட்ச்சிடம் போய், முதலிலிருந்து மறு எண்ணிக்கை வேண்டும் என்றார். ஸ்ட்ரிட்ச்சின் முகம் மலர்ந்தது. அவர் வேட்புமனுக்களின் கோப்பைத் திறந்து பிடெல்மாவைக் கூப்பிட்டார்.

“மறு எண்ணிக்கைக்கு முன்னால வேட்பாளருக்கு விளைவுகளை எடுத்துச் சொல்லணும்னு இருக்கு. ஏழாம் பக்கம், பதினாலாவது பிரிவு. கவுன்சில்ல சம்பளம் வாங்கறவங்க கவுன்சில் உறுப்பினரா இருக்க முடியாது. நீங்க ஜெயிச்ச நிமிஷமே கம்பு பிடிக்கிற வேலையிலிருந்து விலகினதா ஆயிடும். கீழ உங்க கையெழுத்து.”

பிடெல்மா கையெழுத்தைப் பார்த்தாள். அவளுடையதுதான்.

“சார், அந்த வேலையைக் காப்பாத்தத்தானே நான் நின்னேன்.”

“நோக்கத்துக்கு இதுல கட்டம் இல்லம்மா.”

“அப்ப நான் ஜெயிக்கணும்னு வேண்டிக்கறதா, தோக்கணும்னு வேண்டிக்கறதா?”

ஸ்ட்ரிட்ச் உண்மையாகவே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். “அதைப் பத்தி இதுல ஒண்ணும் சொல்லல” என்றார்.

அவள் வாசலுக்கு வந்து நின்றாள். எதிரே பள்ளி. நடுவில் சாலை. இரண்டு பக்க நடைபாதை ஓரங்களிலும் அவள் கால் பட்டுப் பட்டுச் சுண்ணாம்புக் கோடு தேய்ந்திருந்தது. தோற்றால் ஜூன் முப்பது வரை அவள் நிற்கலாம். ஜெயித்தால் திங்கட்கிழமையே நிற்க முடியாது. ஆனால் முன்மொழிய ஓர் ஆள் இருக்கும். நாற்பத்திரண்டு குழந்தைகள் தினம் இரண்டு முறை. அவள் உள்ளே திரும்பிப் போனாள்.

“எண்ணச் சொல்லுங்க, மலாக்கி.”

“யோசிச்சுத்தான் சொல்றியா?”

“யோசிச்சா வேண்டாம்னு சொல்லிடுவேன். எண்ணச் சொல்லுங்க.”

ஆனால் எண்ண இடமில்லை. ஞாயிறு மாலை கூடத்தில் பிங்கோ ஆட்டம். நாற்பது வருடங்களாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை. நாலு மணிக்கு பிங்கோ குழுத் தலைவி நாற்காலிகளோடு வந்து நின்றாள்.

“இங்க தேர்தல் நடக்குது” என்றார் ஸ்ட்ரிட்ச்.

“இங்கயும் நம்பர்தான் கூப்பிடுவோம். எங்க ஆட்டத்துல ஜெயிச்சது யாருன்னு அன்னைக்கே தெரிஞ்சிடும்” என்றாள் அவள். ஸ்ட்ரிட்ச் கூடத்தின் வாடகை ஒப்பந்தத்தைப் படித்தார். பிங்கோ பக்கம்தான் நியாயம் இருந்தது.

ஓட்டுப் பெட்டிகளை எதிரே பள்ளிக்கு மாற்ற முடிவானது. பதினெட்டுப் பெட்டிகளுக்கும் முத்திரை வைத்தார்கள். முதல் பெட்டியைத் தலைமை அதிகாரியே சுமக்க வேண்டும் என்று விதி. ஸ்ட்ரிட்ச் முதல் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் வந்து நின்றார். பின்னால் பதினேழு எழுத்தர்கள் பதினேழு பெட்டிகளோடு.

வண்டிகள் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மழை வேறு, எல்லோரும் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரிட்ச் ஒரு காலை எடுத்துச் சாலையில் வைப்பார், பின்னால் இழுத்துக்கொள்வார். பதினேழு எழுத்தர்களும் அதேபோல் ஒரு காலை எடுத்து வைத்து இழுத்துக்கொண்டார்கள்.

பிடெல்மாவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. “சார், கம்பு வீட்டுலதான் இருக்கு. ரெண்டு நிமிஷம். நான் நிறுத்தறேன்.”

“கூடாது. வேட்பாளர் ஓட்டுப் பெட்டிகளோட நடமாட்டத்துல தலையிடக் கூடாது.”

“நான் வண்டிகளைத்தான் நிறுத்தப்போறேன். பெட்டிய இல்ல.”

“வண்டி நின்னா பெட்டி நகரும். அது தலையீடு.”

அப்போது வளைவில் ஜார்லத்தின் அமரர் ஊர்தி திரும்பியது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம். பின்னால் குடைகளோடு ஊர்வலம். ஜார்லத் ஓட்டிக்கொண்டே நடைபாதையில் இருந்தவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டு வந்தார். வண்டி மெதுவாக வருவதைப் பார்த்த ஸ்ட்ரிட்ச் தைரியம் பெற்றுச் சாலையில் இறங்கினார்.

“நில்லுங்க சார்!” என்று கத்தினாள் பிடெல்மா. பத்தொன்பது வருடக் குரல். பதினேழு எழுத்தர்களும் நின்றுவிட்டார்கள்.

ஸ்ட்ரிட்ச் சாலை நடுவே நின்று திரும்பினார். “தேர்தல் அதிகாரிக்கு உத்தரவு போட வேட்பாளருக்கு...”

ஊர்வலத்தை நிறுத்துவது மரியாதையல்ல என்று ஜார்லத் நினைத்தார். ஓட்டுப் பெட்டி ஒதுங்க வேண்டியதில்லை என்று ஸ்ட்ரிட்ச் நினைத்தார். எந்தப் பெட்டி எந்தப் பெட்டிக்கு வழிவிட வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இல்லை. அமரர் ஊர்தியின் முன் சக்கரம் ஸ்ட்ரிட்ச்சின் இடது காலின் மூன்று விரல்கள் மேல் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது.

பெட்டியை அவர் கீழே போடவில்லை. அதை எல்லோரும் பிறகு பாராட்டினார்கள்.

பிடெல்மா சாலையின் நடுவே போய் வெறும் கையை நீட்டினாள். இரண்டு பக்கமும் எல்லாம் நின்றன. பதினேழு பெட்டிகளும் ஸ்ட்ரிட்ச்சும் சாலை கடந்தார்கள். யாரும் விதியைப் பற்றிப் பேசவில்லை.

மருத்துவர் வருவதற்குள் ஸ்ட்ரிட்ச் விபத்துப் படிவம் கேட்டார். அடிபட்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் போட்டார். சாலைப் பிரிவு இயக்குநர் என்ற இடத்திலும் போட்டார். பிறகு வலியில் கண் கலங்க, பிடெல்மாவைக் கேட்டார்.

“பன்னிரண்டாவது கேள்வி. சம்பவ இடத்துல விபத்தைத் தடுக்கக்கூடிய நபர் யாராவது இருந்தாங்களா?”

“இருந்தாங்க சார்.”

“ஏன் தடுக்கல?”

“அனுமதி குடுக்கல சார்.”

“யாரு?”

பிடெல்மா அவரையே பார்த்தாள். ஸ்ட்ரிட்ச் பேனாவை ஒருமுறை உதறினார். பிறகு ‘மழை’ என்று எழுதினார்.

மறு எண்ணிக்கை முதல் வகுப்பு அறையில் நடந்தது. வங்கி எழுத்தர்கள் முழங்கால் காதைத் தொட ஆறு வயதுக் குழந்தைகளின் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஸ்ட்ரிட்ச் காலை ஒரு பெயின்ட் வாளி நிறைய ஐஸில் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். மணி ஆறே முக்காலுக்கு மலாக்கி கத்தினார்.

“அந்தக் கட்டு! ஜார்லத்தோட அம்பதுச் சீட்டுக் கட்டு! அதுல பாதியில ஒண்ணு தடிமனா இல்ல?”

ஒரு சீட்டு முன்னால் இருந்த சீட்டோடு ஒட்டியிருந்தது. ஒட்டியது ராஸ்பெர்ரி ஜாம். பிரித்தபோது அதில் 1 பிடெல்மா டூஹிக்கு இருந்தது. பணம் எண்ணிப் பழகிய வங்கி எழுத்தர்கள் மூலையை மட்டும் தள்ளித் தள்ளி எண்ணியிருந்தார்கள். மூலைகள் ஐம்பது சரியாக இருந்தன.

“இருநூத்திப் பதினஞ்சு” என்றார் மலாக்கி. மறுபடியும் மெதுவாகச் சொன்னார். “இருநூத்திப் பதினஞ்சு.”

ஸ்ட்ரிட்ச் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “ஜார்லத் ப்ராடிகன் ஆயிரத்து முப்பத்தாறு. பிடெல்மா டூஹி ஆயிரத்து முப்பத்தேழு. கோட்டாவை எட்டாமலேயே தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கிறேன். நம் முறையின் துல்லியத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம். எட்டாயிரத்து நானூற்று இருபத்திரண்டு பேரின் உள்ளத்தை நாம் இரண்டு நாட்களில் அறிந்துவிட்டோம். ஜாம் தவிர வேறு குறுக்கீடு இல்லை.”

ஜெயித்தவரைத் தோளில் தூக்குவது ஊர் வழக்கம். நாலு பேர் பிடெல்மாவைத் தூக்கினார்கள். முதல் வகுப்பின் உத்தரத்தில் குழந்தைகள் செய்து தொங்கவிட்ட காகிதச் சூரியன் அவள் முகத்தில் இடித்தது. அங்கிருந்து ஜன்னல் வழியாகச் சாலை தெரிந்தது. கீழே எல்லோரும் கத்தினார்கள். ஒவ்வொருவரும் தன் நம்பர்தான் அவளை ஜெயிக்க வைத்தது என்றார்கள். எல்லோரும் சொன்னது உண்மை.

மறுநாள் காலை கவுன்சில் ஆள் ஒருவர் வந்து கோட்டையும் கம்பையும் ரசீது கொடுத்து வாங்கிப் போனார். அந்த வாரம் முழுவதும் மலாக்கி தன் கைத்தடியை நீட்டிக் குழந்தைகளைக் கடக்க வைத்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது பதிவாகவில்லை.

புதிய கவுன்சிலின் முதல் கூட்டம் ஜூன் இருபத்தைந்தில் நடந்தது. உறுப்பினர் பிடெல்மா டூஹி எழுந்து, பள்ளி வாசல் பணி தொடர வேண்டும் என்று முன்மொழிந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒலிபெருக்கியில் பேசினாள். ஒரு வாக்கியம்தான்.

“வழிமொழிய யாராவது?” என்று தலைவர் கேட்டார்.

அவள் வட்டாரத்தின் மற்ற ஐந்து பேரும் அவளைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்கள். தலையசைப்பு வழிமொழிதல் ஆகாது. பார்வையாளர் வரிசையில் பழக்க தோஷத்தில் ஜார்லத் பாதி எழுந்தார். பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“தீர்மானம் விழுந்தது” என்றார் தலைவர். “அடுத்தது, சாலைப் பிரிவின் அறிக்கை.”

ஸ்ட்ரிட்ச் ஊன்றுகோலோடு எழுந்தார்.

“அந்த இடத்தில் நடப்பு ஆண்டில் ஒரு விபத்து பதிவாகியிருக்கிறது. அடிபட்டவர் மூத்த அதிகாரி. நேர்மையான சாட்சியும் உண்டு. முந்தைய எண்ணிக்கை பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து ஒன்று என்பது எத்தனை சதவீத உயர்வு என்று கணினியைக் கேட்டோம். ‘பிழை’ என்று வந்தது. மூன்று நாள் கேட்டோம். மூன்று நாளும் ‘பிழை’. உயர்வைக் கணக்கிட முடியாத இடங்களை மிக அபாயமான முதல் வகையில் சேர்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆகவே அந்தப் பணி தீர்மானம் எதுவும் இல்லாமலே நிரந்தரமாகிறது. பத்தொன்பது வருடம் யாரும் அடிபடாமல் இருந்ததால் ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறேன்.”

பிடெல்மா மேசையின் அடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குறிப்பேட்டில் தேதி எழுதினாள்.

“பணியில் இப்போது ஆள் இல்லை. விளம்பரம் கொடுப்போம்” என்று முடித்தார் ஸ்ட்ரிட்ச்.

விண்ணப்பித்தவர்களில் ஒருவருக்குத்தான் தகுதி இருந்தது. மெதுவாகப் போகும் ஊர்வலங்களைச் சாலையில் நடத்திய அனுபவம் முப்பது வருடங்களுக்கு மேல். ஊரில் எல்லோரையும் பெயர் சொல்லித் தெரியும். தற்போது கவுன்சிலில் உறுப்பினர் இல்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் நாள். பிடெல்மா ஒன்பது மணிப் பஸ்ஸில் ஒரு துணைக்குழுக் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம். நடைபாதை விளிம்பில் குழந்தைகளுக்கும் அம்மாக்களுக்கும் பின்னால் அவளும் வரிசையில் நின்றாள். சுண்ணாம்புக் கோட்டைப் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

ஜார்லத் ப்ராடிகன் மஞ்சள் கோட்டில் நின்றிருந்தார். அவருக்கு அது இறுக்கமாக இருந்தது. ஒரு கையில் கம்பு. மற்றொரு கையால் சாலை கடக்கும் ஒவ்வோர் அம்மாவின் கையையும், ஒவ்வோர் அப்பாவின் கையையும் குலுக்கினார். குழந்தைகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தினம் இரண்டு முறை, வாரம் ஐந்து நாள். இத்தனை கைகள் அவருக்குச் சாவு வீடுகளில் கிடைத்ததேயில்லை.

பால் டாங்கர் வந்தது. ஜார்லத் கம்பைக் கொஞ்சம் சாய்த்து நீட்டினார்.

“நேரா பிடிங்க. டிரைவருக்குப் பலகை தெரியணும்” என்றாள் பிடெல்மா.

அவர் நேராகப் பிடித்தார். டாங்கர் நின்றது. குழந்தைகள் இருவர் இருவராகக் கை கோத்துக் கடந்தார்கள். அவள் அவர்களை எண்ணிக்கொண்டே கடைசியாகக் கடந்தாள். நாற்பத்து மூன்று. இந்த வருடம் ஒன்று கூடுதல்.

நடுச்சாலையில் ஜார்லத் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி நிக்கலாம்னு இருக்கேம்மா. அப்ப என்னை மறந்துடாத.”

பிடெல்மா அவரைப் பார்த்தாள். கோட்டின் மேல் பொத்தான் கழன்று தொங்கியது. அவளுடைய பழைய பொத்தான்தான். அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினாள்.

“கண்டிப்பா ஜார்லத்” என்றாள். “உங்களுக்கு ஒரு நம்பர் உண்டு.”